எலி மாப்பிள்ளையின் டப்பா

செய்தி முதலில் ஐந்தாம் மாடியில் கிடைத்தது. கீழே எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், சர்க்கரை நோய் வந்த எலிகளுக்குத் தன்னுடைய மாத்திரையையே தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவந்தாராம். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது அதனால்தானாம். மூன்று வருட ஆராய்ச்சியும் புளுகாம். சொன்னவர் கணக்குப் பிரிவு எழுத்தர். கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவர் போலச் சொன்னார்.

வதந்திக்குக் கால் இல்லை என்பார்கள். இந்தக் கட்டடத்தில் அதற்கு லிஃப்ட் இருக்கிறது. படிக்கட்டில் இறங்கினால்தான் அதன் பூர்வீகம் தெரியும். நான்காம் மாடியில் மாத்திரை நாளுக்கு இரண்டாக இருந்தது, மூன்றாம் மாடியில் ஒன்றானது. இரண்டாம் மாடியில் "ஒரே ஒரு தடவை கொடுத்தாராம், பாவம்" என்றார்கள். தரைத்தளத்தில் கேண்டீன்காரர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"கொடுத்தாருன்னு நான் எப்ப சொன்னேன்? டீ கொண்டுபோனப்ப கதவுக் கண்ணாடி வழியா பார்த்தேன். மாமா கூண்டுப் பக்கத்துல நின்னு மாத்திரை டப்பாவைத் திறந்தாரு. எலிக்கும் இரக்கப்பட்டு ஒண்ணு கொடுத்திருப்பாரு, அவ்ளோ இளகின மனசு எங்க மாமாவுக்குன்னு பெருமையாத்தான் சொன்னேன்."

ஆக, கட்டடத்தையே பற்றவைத்த தீக்குச்சி ஒரு பாராட்டு. உரசியவர் எலிக்கூடத்து ஆளின் சொந்த மைத்துனர்.

மாமா என்று அவர் சொன்ன ஆளுக்குக் கட்டடம் முழுவதும் வழங்கும் பெயர் எலி மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்தபோது என்ன வேலை என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லித் தொலைத்ததால் மாமனார் வீட்டில் வைத்த பெயர். கேண்டீனை மைத்துனர் எடுத்த அன்றே அந்தப் பெயரும் கூடவே வேலையில் சேர்ந்துவிட்டது. உண்மையில் அவர் விண்ணப்பித்தது டிரைவர் வேலைக்கு. அது நிரம்பிவிட்டது, எலிக்கூடம்தான் காலி என்றார்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்று நுழைந்தவர் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எலி என்றால் அவருக்கு இன்றும் கொஞ்சம் பயம். அதை எலிகளிடம் மட்டும் காட்டிக்கொள்வதில்லை.

வேலை என்னவோ எளிது. கூண்டின் மரச்சீவலை மாற்றுவது, தண்ணீர்ப் புட்டியை நிரப்புவது, தீனி போடுவது, எடை பார்ப்பது, வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் சர்க்கரை பார்ப்பது, நோட்டில் எழுதுவது. ஆறு வருடத்துக்கு முன் அவருக்கும் சர்க்கரை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவருக்கும் எலிகளுக்கும் ஒரு நெருக்கம். "உனக்கு நானூறு, எனக்கு இருநூறு. நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு" என்று பதினேழாம் நம்பர் எலியிடம் சொல்வார். அது மீசையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும்.

அவர் வேலைபார்த்தது ஓர் ஆராய்ச்சிக்காரம்மாவிடம். முப்பத்தைந்து வயது, வீட்டில் ஒரு குழந்தை, ஆய்வகத்தில் தட்டுத் தட்டாகச் செல்கள். எதை அதிகம் கொஞ்சுகிறார் என்பதில் வீட்டாருக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய ஆராய்ச்சியை எலி மாப்பிள்ளை தன் மனைவிக்கு ஒருநாள் விளக்கினார்.

"கணையத்துல தீவு தீவா கொஞ்சம் செல்லுங்க இருக்கு. சர்க்கரை ஏறுறதை மோப்பம் பிடிச்சு இன்சுலினை அவுத்துவிடுறது அதுங்க வேலை. எனக்கு அதுல பாதிப் பேர் லீவுல போயிட்டாங்க. இந்த எலிங்களுக்கு மருந்து போட்டு எல்லாரையும் காலி பண்ணியாச்சு. மேடம் தட்டுல புது ஆளுங்களை வளர்த்து உள்ள வேலைக்குச் சேர்த்திருக்காங்க."

"எங்க சேர்த்தாங்க?"

"ஒரு பக்கத்துச் சிறுநீரகத் தோலுக்கு அடியில."

"கணையத்து ஆளுங்களுக்கு அங்க என்னங்க வேலை?"

"எங்க இருந்தாலும் ரத்தத்துல மோப்பம் கிடைக்கும்ல? அதோட, நாளைக்கு எடுத்துப் பார்க்கணும்னா அந்த ஒரு சிறுநீரகத்தோட எடுத்துடலாம். எலி இன்னொண்ணை வெச்சுப் பிழைச்சுக்கும்."

"நல்லாத்தான் யோசிக்கிறாங்க. எலியைத் தவிர எல்லாருக்கும் வசதியா" என்றார் மனைவி.

செல் வைத்தது எட்டு எலிகளுக்கு. ஏழாவது வாரம் குணம் தெரிந்தது. முதலில் தெரிந்தது மீட்டருக்கு இல்லை, எலி மாப்பிள்ளையின் கைக்கு. சர்க்கரை முற்றிய எலி புட்டி புட்டியாகக் குடிக்கும், குடித்ததை அப்படியே மரச்சீவலில் விடும். காலையில் மாற்றினால் மறுநாள் சீவல் பிழிந்தால் சொட்டும். அன்று பதினேழாம் நம்பர் கூண்டில் கையை விட்டால் சீவல் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னார். ஆராய்ச்சிக்காரம்மா மீட்டரை எடுத்துவந்து பார்த்தார்: நூற்று முப்பது. இருவரும் கையுறையோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த மகிழ்ச்சியின் மேல்தான் இப்போது வதந்தி வந்து உட்கார்ந்திருந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நிஜமாயிருந்தால் வேலை போகும். அதைவிட, ஆராய்ச்சிக்காரம்மாவின் மூன்று வருடம் போகும். வேலை போவதை எலி மாப்பிள்ளை ஒருவழியாக நினைத்துப் பார்த்துவிட்டார். இரண்டாவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுத்துவிட்டுப் போகலாமே என்றால், அதில்தான் முடிச்சு. டப்பாவைத் திறந்தது உண்மை.

"மாத்திரை கொடுத்தீங்களா?" என்றார் துறைத்தலைவர்.

"இல்ல சார்."

"அப்ப டப்பா எதுக்கு?"

எலி மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்காரம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டை, ஊசி, ஒரு குட்டி மீட்டர், ரத்தச் சொட்டை வைத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் அடங்கிய புட்டி.

"போன சனிக்கிழமை லீவு சார், கேண்டீன் மட்டும்தான் திறந்திருந்துச்சு. மேடம் குழந்தைக்குக் காய்ச்சல். போன் பண்ணி, அண்ணே இன்னைக்கு எட்டு எலிக்கும் ரீடிங் எடுத்தே ஆகணும், விட்டுடாதீங்கன்னாங்க. அலமாரியைத் திறந்தா ஆபீஸ் ஸ்ட்ரிப் ஒண்ணுகூட இல்ல. ஸ்டோர் பூட்டியிருக்கு. அதான் என் மீட்டர்ல, என் ஸ்ட்ரிப்புல எடுத்தேன். எட்டு எலி, எட்டு ஸ்ட்ரிப்."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"ஒரே மீட்டர்ல எடுத்தாத்தான் கணக்கு, வேற மீட்டர்ல எடுத்தா செல்லாதுன்னு நீங்கதான சார் எலிக்கூடத்துச் சுவத்துல ஒட்டியிருக்கீங்க. சொன்னா மேடத்தோட ஒரு நாள் ரீடிங் போயிடுமேன்னு பயந்தேன்."

ஒரு நாளைக் காப்பாற்றப்போய் மூன்று வருடத்தைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஆராய்ச்சிக்காரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரு நாள் போனா சிவப்பு மையில கோடு போட்டுட்டுப் போயிருப்பேன்ணே!" பிறகு துறைத்தலைவரிடம், "சார், உடம்புல இன்சுலினே இல்லாத எலிக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தாலும் நூற்று முப்பதுக்கு எறங்காது" என்றார்.

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கட்டுரையைப் படிச்சுக் கேள்வி கேக்கப்போறவங்க காதுக்கு வதந்தி முதல்ல போயிருக்கும். இவர் கொடுக்கலைன்னு இவரே சொன்னா போதாது, எலி சொல்லணும்."

எலியின் வாக்குமூலத்துக்கு வழி ஏற்கெனவே அட்டவணையில் இருந்தது. திங்கட்கிழமை நான்கு எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, புதுச் செல்கள் குடியிருந்த அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள். குணப்படுத்தியது அந்தச் செல்கள்தான் என்றால் சர்க்கரை திரும்ப ஏறவேண்டும். ஏறாவிட்டால் குணத்துக்குக் காரணம் வேறெதுவோ. வேறெதுவோ என்றால் எல்லாருடைய கண்ணும் தகர டப்பாவுக்குத்தான் போகும். அதுவரை எலிக்கூடத்துச் சாவி காவலரிடம் இருக்கட்டும், கூண்டு வேலையை வேறு ஆள் பார்க்கட்டும் என்றார் துறைத்தலைவர்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எலி மாப்பிள்ளை வேலை நாளில் வீட்டில் இருந்தார். அலமாரியைத் துடைத்தார், துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தார். மைத்துனர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

"மாமா, நான் உங்களை உசத்தித்தான் சொன்னேன்."

"மச்சான், இனிமே என்னைத் திட்டிட்டே இரு. அதான் எனக்குப் பாதுகாப்பு."

"எலிக்குத் திரும்ப நோவு வரணும்னு வேண்டிக்கிற ஒரே குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்" என்றார் மனைவி உள்ளேயிருந்து. எலி மாப்பிள்ளைக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பரும் அந்த நான்கில் ஒன்று.

அறுவை முடிந்து இரண்டாம் நாள், புதன் காலை ஒன்பதுக்குக் காவலர் கதவைத் திறந்தார். துறைத்தலைவர், ஆராய்ச்சிக்காரம்மா, ஐந்தாம் மாடியிலிருந்து வேலையே இல்லாமல் இறங்கி வந்த கணக்கு எழுத்தர், எல்லாரும் நின்றார்கள். ஆராய்ச்சிக்காரம்மா ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் செருகப் பார்த்தார். அது மீட்டருக்குள் போகவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று எலி மாப்பிள்ளை கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பதினேழாம் நம்பர் கூண்டைத் திறந்தார். புட்டியைப் பார்த்தார். அடியில் ஒரு விரல் தண்ணீர்கூட இல்லை. மரச்சீவலுக்குள் கையை விட்டார். பிடித்தார், பிழிந்தார்.

சொட்டியது.

இருபத்திரண்டு வருடமாக மூக்கைச் சுளித்துக்கொண்டு வாரிப் போட்ட அந்த ஈரத்தை அன்று அவர் உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். "ஏறிடுச்சு மேடம். மீட்டர் மெதுவா வரட்டும்."

மீட்டரும் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. மற்ற மூன்றும் நானூறைத் தாண்டியிருந்தன. செல்களை எடுக்காத நான்கு கூண்டுகளிலும் சீவல் காய்ந்தே இருந்தது. ஆராய்ச்சிக்காரம்மா அழுதுகொண்டே சிரித்தார். துறைத்தலைவர் சாவியைக் காவலரிடமிருந்து வாங்கி அவரே எலி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். கை ஈரம் என்பதைக் கொடுத்த பிறகுதான் கவனித்தார். கணக்கு எழுத்தர், "எனக்கு முதல்லயே தெரியும்" என்றபடி லிஃப்டுக்கு நடந்தார். அந்தச் செய்தி எத்தனையாவது மாடியில் என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை. நல்ல சேதிக்கு அந்த லிஃப்ட் அவ்வளவு வேகமாக ஓடாது.

எல்லாரும் போன பிறகு எலி மாப்பிள்ளை பதினேழாம் நம்பருக்குப் புதுச் சீவல் போட்டார். வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகம். புட்டியைக் கழுத்துவரை நிரப்பினார். "உன் சாட்சியிலதான் தப்பிச்சேன்" என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று கேண்டீனில் மைத்துனர் சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்து, கட்டடமே கேட்கும்படி, "இந்தாய்யா, கையாலாகாத மனுஷா, குடி" என்றார். எலி மாப்பிள்ளை ஒருவாரம் கழித்து முதல்முறையாக ஒரு டீயை முழுதாகக் குடித்தார்.

அந்தச் சனிக்கிழமைக் கணக்குக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. எட்டு ஸ்ட்ரிப்பையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி ஆராய்ச்சிக்காரம்மா ஸ்டோருக்கு எழுதினார். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: "மேற்படி ஸ்ட்ரிப்கள் எலிகளுக்கு மட்டுமே வழங்கத்தக்கவை. விண்ணப்பத்தில் கண்டவர் எலி அல்ல."

"இத்தனை வருஷமா எலி மாப்பிள்ளைன்னு கூப்பிட்டப்ப யாருக்கும் இது தெரியலையாமா?" என்றார் மனைவி.

மேல்முறையீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. எட்டு ஸ்ட்ரிப் இன்னும் வரவில்லை.