பின்னால் கேட்ட கைதட்டல்

மாமரத்திலிருந்து விழுந்த என் மகள், கட்டு அவிழ்த்த பின்னும் வலக்கையை அசைக்கவில்லை. “பயமாக்கும் காரணம், தானே அசைப்பா” என்றார் நெய்யாற்றின்கரை டாக்டர். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு முன்னே நின்று, பிற்பகல் தொழுகையான அஸரை முன்னின்று தொழவைத்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே அவளும் தொழுதாள். கவலையில், நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத் தொழுகையை மூன்றிலேயே முடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் கைதட்டல் கேட்டது. தொழவைப்பவர் தவறினால் பெண்கள் பேசாமல், வலக்கையால் இடக்கையின் மேல் தட்டி உணர்த்துவார்கள். அவள் எந்தக் கையால் தட்டினாள்? தொழுகையில் திரும்பக் கூடாது. நான்காவதையும் தொழுது, முடிவு ஸலாம் கொடுத்துத் திரும்பினேன்.

இடக்கையின் மேல் வலக்கை இருந்தது.

“வாப்பாக்கு எண்ணத் தெரியாதாக்கும்!”

“மக்கா, உன் கை…”

அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

எத்தனையோ பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.