கற்பூரம் கரைத்த எண்ணெய்

நாய்க்குட்டிக்குப் பேன் சீப்பால் தெள்ளுப்பூச்சி எடுத்தேன். ஆமாம், என் தலைக்கு வாங்கிய சீப்புதான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாசல்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, சீவிச் சீவி அதில் தட்டினேன். குட்டி என் மடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கும்.

அது பொமரேனியன் குட்டி. கறம்பக்குடியில் தெரிந்தவர் வீட்டில் போட்ட குட்டிகளில் கடைசி. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வரும்போதே மேலெல்லாம் தெள்ளு. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய் மருந்து கேட்டேன்.

"இந்த எடைக்கு எந்த மருந்தும் போட மாட்டேன். பெரிய நாய்க்கு விடுற சொட்டு மருந்து, மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து, எதையும் கிட்ட கொண்டு போயிராதீங்க. குட்டி கொஞ்சம் தேறட்டும். அதுவரைக்கும் சீப்புதான்" என்றார். அதனால்தான் சீப்பு.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகிறது. பிள்ளை இல்லை. இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது என்பதால் சொல்கிறேன், யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். குட்டி வந்த நாளிலிருந்து ஊரில் ஒரே பேச்சு, பிள்ளையில்லாதவள் நாயைக் கொஞ்சுகிறாள் என்று. கொஞ்சினால் என்ன, யார் குடி முழுகிப்போகிறது?

அப்போது என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடு வந்து தங்கியிருந்தார். கையில் போன் இல்லாத நேரத்தில் நல்ல மனுஷி. போனில் வருகிற இயற்கை வைத்தியம் அத்தனையும் அவருக்கு வேதவாக்கு. நான் சீவுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இப்படி ஒண்ணொண்ணா எடுத்து எப்ப முடிப்ப? தேங்கா எண்ணெயில கற்பூரத்தைக் கரைச்சுத் தடவு. தெள்ளெல்லாம் இருந்த எடம் தெரியாம ஓடிரும்."

"எதுவும் வேணாம்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க அண்ணி."

"அவங்க இங்கிலீஷ் மருந்தைச் சொல்லிருப்பாங்க. இது சாமிக்கு ஏத்துறது, என்ன செஞ்சிரும்? சளி புடிச்சா பச்சப்புள்ளை நெஞ்சுலயே தடவுறோம். நீ புள்ளை வளத்திருந்தா ஒனக்குத் தெரியும்."

சுருக்கென்றது. வேண்டாம் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது வீடு கோயில் மாதிரி மணந்தது. குட்டி அடுப்படித் தரையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்று தன் உடம்பைத் தானே நக்கிக்கொண்டிருந்தது. நான் பையைக் கீழே போடுவதற்குள் அதன் கால்கள் வெடவெடத்தன. பக்கவாட்டில் சாய்ந்தது. வாயில் நுரை. நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவதுபோல அடித்துக்கொண்டன.

"அய்யய்யோ, நல்லாத்தானே தடவி விட்டேன்!" என்று அண்ணி கத்தினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள், கையில் சாவிக்கொத்தோடு.

"வலிப்புடி! இரும்பைக் கையில குடு, இரும்பைக் கையில குடு!"

சொல்லிக்கொண்டே குட்டியின் முன்னங்காலில் சாவியைத் திணிக்கப் பார்த்தாள். அந்தப் பாதம் சாவியின் தலையைவிடச் சிறியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு வந்தது அழுகையும் ஆத்திரமும்தான். அதற்குள் அண்ணி ஒரு டம்ளரில் புளித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். விஷம் என்றால் வாந்தி எடுக்கவைக்க வேண்டுமாம்.

"யாரும் அது வாயில எதையும் ஊத்தக் கூடாது! தள்ளிப் போங்க ரெண்டு பேரும்!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணியிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கற்பூரம் என்றதுமே அவர் குரல் மாறிவிட்டது. "வலிப்பு நின்னதும் வெதுவெதுன்னு தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பைக் கரைச்சு எண்ணெயை எடுங்க. பச்சத்தண்ணி ஆகாது, இத்தனூண்டு ஒடம்பு வெறைச்சுரும். ஈரம் போகத் தொடைச்சுப் பொதிஞ்சு எடுத்துட்டு வாங்க. முழிச்சிருந்தா ஈறுல மட்டும் சீனித்தண்ணியைத் தொட்டுத் தடவுங்க. உள்ள ஊத்திராதீங்க. சீக்கிரம் வாங்க."

வலிப்பு நின்றது. கழுவினேன். துடைத்தேன். கண் திறந்திருந்தது, விரலில் சீனித்தண்ணீர் தொட்டு ஈறில் தடவினேன். ஈறு வெளுத்துக் கிடந்தது. குட்டியைத் துண்டில் சுற்றி, துப்பட்டாவால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். "ஒரு நாய்க்குப் போயி..." என்று பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்தாள். மிச்சத்தைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

வழியில் வைக்கோல் டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா என் நெஞ்சுக் கட்டைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"புள்ளைக்கு என்னம்மா?"

"வலிப்பு" என்றேன்.

"ஆத்தாடி! ஏய், வண்டிய அங்கிட்டு ஒதுக்குய்யா, கைப்புள்ளக்காரி நிக்கிது கண்ணு தெரியலயா?" என்று டிராக்டர்காரரை ஒரு பிடி பிடித்தார். வண்டி ஒதுங்கியது. நான் அவரைத் திருத்தவில்லை. திருத்த எனக்குத் தோன்றவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாடுகளும் ஆடுகளும் வரிசை கட்டி நின்றன. கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "எலிக்குஞ்சுக்கெல்லாமா இங்க வைத்தியம் பாக்குறாங்க?" என்றார். "ஒங்க கெடாய விட இதுக்கு உசுரு கொறைச்சலா? வழிய விடுங்க" என்று உள்ளே நுழைந்துவிட்டேன். டாக்டரம்மாவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றார்.

மேஜையில் வைத்ததும் இன்னொரு தடவை வெட்டி இழுத்தது. ஊசி போட்டார். நூல் மாதிரி இருந்த நரம்பைத் தேடிப் பிடித்து குளுக்கோஸ் ஏற்றினார். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் மோசம், சின்ன ஜாதிக் குட்டிகள் சட்டென்று சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும் என்று வேலை பார்த்துக்கொண்டே சொன்னார். புளித்தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன். "அது உள்ள போயிருந்தா மூச்சுக்குழல்ல ஏறிருக்கும். நல்லவேளை, நீங்க ஊத்த விடல" என்றார். நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போய்விடுமோ என்று பயம். கண்ணீரை மட்டும் யாருக்கும் காட்டக் கூடாது என்று இருந்தேன்.

பொழுது சாயும்போது குட்டி தலையைத் தூக்கியது. என் கட்டைவிரலை வாயில் பிடித்துக் கடித்தது. பால் பல்தான், ஆனாலும் நன்றாகவே வலித்தது. நான் விரலை எடுக்கவில்லை.

வீட்டில் அண்ணி முகம் வீங்க அழுதிருந்தார். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். "தெரியும் அண்ணி. ஆனா வேணாம்னு நான் சொன்னேன்ல" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் சமாதானம் பேசச் சொன்னார். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

மழைக்காலத்தில் அண்ணியே போன் செய்தார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"பேரனுக்கு ரெண்டு நாளா சளி. நெஞ்சு கர்ருபுர்ருங்குது. சம்பந்தி வீட்டுல கற்பூர எண்ணெய் காச்சித் தடவணுங்கிறாங்க. தடவலாமாம்மா?"

காலடியில் குட்டி என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. 'புள்ளை வளத்தவங்க ஒங்களுக்குத் தெரியாதா' என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. மாதக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்த கேள்வி அது. ஆனால் அந்தப் பக்கம் கைக்குழந்தை இருமும் சத்தம் கேட்டது.

"தடவ வேணாம் அண்ணி. யாரு சொன்னாலும் கேக்காதீங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே டாக்டர்ட்ட போங்க. வளத்தவ சொல்றேன்."