அத்தை பார்த்த படம்

"அப்ப அந்தப் படம் இன்னாத்துக்குப் பாப்பா?" அத்தை கேட்ட இந்தக் கேள்வியோடுதான் அந்த விடுமுறையிலிருந்து ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

ஆராய்ச்சி மாணவியான நான் விடுமுறைக்குக் கச்சிராயபாளையத்தில் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். கல்வராயன் மலையில் பாம்புக் கடிக்குக் கொடுக்கும் ஒரு பச்சிலையின் சாறு, விஷத்திலுள்ள புரதத்தோடு சேர்கிறதா என்பதே என் ஆய்வு. புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் புரதம் மெல்ல ஒளிரும். சாற்றைச் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு குறைந்தது. அந்தக் குறைவைச் சேர்க்கையின் அடையாளமாகக் கொள்வது எங்கள் வழக்கம். அந்த வரைபடத்தையும், புரதத்தின் பள்ளத்தில் இலையின் மூலக்கூறு அமர்ந்திருப்பதாக நான் வரைந்த படத்தையும் செல்பேசியில் காட்டினேன். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாழ்ந்த கோடுகளைப் பார்த்த மாமா, "நம்ம மலையத்தான் வரைஞ்சிக்கினு வந்திருக்கியா?" என்று சிரித்தார். அத்தை மூலக்கூறு அமர்ந்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கரும்பு வெட்டும்போது மாமாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. பைக்கோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் பச்சிலை கொடுக்க மலைக்குக் கொண்டுபோகச் சொன்னார் அத்தை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என்றேன் நான்.

"இலை வெசத்தப் புடிச்சிக்குதுன்னு நீதான காட்டின?"

"அது கண்ணாடிக் குழாயில அத்தை. உடம்புல யாரும் பாக்கல."

அப்போதுதான், அந்தப் படம் இன்னாத்துக்கு என்று கேட்டார் அத்தை. பைக்கில் ஏறிவிட்டிருந்த மாமா இருவரையும் அடக்கினார்: "சண்டைய அப்புறம் வெச்சிக்கோங்க. வண்டிய கள்ளக்குறிச்சிக்கு வுடுப்பா."

ஆஸ்பத்திரியில் மாமாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று காத்திருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கதவுவரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். செவிலியர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது; விஷம் ஏறியிருந்தது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள்.

கதவுக்கும் இருக்கைக்கும் நடந்துகொண்டிருந்தபோதுதான் வேறொரு சந்தேகமும் தொற்றிக்கொண்டது. என் சாறு கரும்பச்சை. ஒளியை அதுவே விழுங்கியிருந்தால், சேர்க்கை இல்லாமலே ஒளிர்வு குறைந்து தெரியுமே? படத்தில் நான் சேர்த்து உட்காரவைத்த புரதமும் மூலக்கூறும் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருக்கலாம்.

மாமா பிழைத்து வீடு திரும்பினார். நான் ஆய்வகத்துக்குத் திரும்பி, சாறு மட்டும் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து அதைக் கழித்தேன். தாழ்ந்திருந்த கோடுகளில் பெரும்பாலானவை மேலேறிவிட்டன. எஞ்சிய சிறு குறைவு சேர்க்கையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கருத்தரங்குக்கு அழகாக இருக்கும், மூலக்கூறு படம் இருக்கட்டும் என்றார் என் ஆய்வு வழிகாட்டி. நான் அதை நீக்கிவிட்டேன்.

இப்போது யாருக்கு வரைபடம் காட்டினாலும், சாறு தானாக விழுங்கும் ஒளியின் கோட்டையும் அதே தாளில் வரைகிறேன். மூலக்கூறு பள்ளத்தில் அமர்ந்திருக்கும் படத்தை வரைவதில்லை.