நாங்க நாலு பேருதான்

பக்கத்து வீட்டை ஏதோ ஒரு தொழிற்சாலை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டு ஆட்களைக் குடிவைத்திருக்கிறது. நேற்று மழை ஓய்ந்ததும், அவர்கள் வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துக் காலணிகளின் ஈர நாற்றம் என் சமையலறை ஜன்னல்வரை வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ நினைவைக் கிளறும். எனக்கு வாய்த்தது இது. மலாக்கா டவுனில், பாச்சாங்கில் இருந்த சித்தப்பா வீடு அப்படியே கண்முன் வந்துவிட்டது.

ரெம்பியா பக்கம் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு ஆறேழு பிள்ளைகள். ரப்பர் மரங்கள் மட்டும் அப்பா காலத்தில் இருந்த அதே மரங்கள்தான். தொண்ணூறுகளில் அவற்றையும் வெட்டத் தொடங்கினார்கள். வளர்ந்தவர்கள் எல்லாம் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் புறப்பட்டோம். டவுனில் எங்கள் சனத்துக்குத் தெரிந்த ஒரே முகவரி சித்தப்பாவின் இரண்டறை வீடு. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், பகல் ஷிப்ட்காரர்கள் எழுந்த பாயிலேயே படுப்பார்கள். அந்த வீட்டில் பாய் ஆறியதே இல்லை.

அங்கே தங்கியிருந்த எனக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. பெண்ணை எடுத்தால் பின்னாலேயே கூட்டமும் வந்துவிடும் என்று பயந்தார்களாம். மூன்றாமவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர். அவரை எனக்குப் பிடித்திருந்தது சித்திக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சித்தி வீட்டைக் காலிசெய்ய ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் திடலுக்குப் போயிருங்க. நான் கூப்புடுற வரைக்கும் இந்தப் பக்கம் தலைய காட்டக் கூடாது லா."

வாசல் சிலிப்பர்கள் அரிசிச் சாக்குக்குள் போயின.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வீட்ல எத்தன பேரு?"

"நாங்க நாலு பேருதான் அக்கா," என்றார் சித்தி, கொஞ்சமும் கூசாமல். சித்தப்பா மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேநீர்த் தட்டோடு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. திடலில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. பின்கதவு மெல்லத் திறந்தது. திறந்தது மூடவேயில்லை. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. சித்தி அந்தச் சத்தத்தை மறைக்க இருமினார், விடாமல் இருமினார்.

"சளியா?" என்று பரிவாகக் கேட்டுக்கொண்டே எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா. "பாத்ரூம் எங்க இருக்கு?"

பாத்ரூம் சமையலறைக்குப் பின்னால். சித்தி பாய்வதற்குள் அவர் திரையை விலக்கிவிட்டார். நனைந்த சனம் மொத்தமும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது.

"மழைக்கு ஒதுங்குனவங்க அக்கா," என்றார் சித்தி.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்துக்குள்ளிருந்து சித்தியின் கடைக்குட்டி குமரன், "அம்மா, பசிக்குது," என்றான்.

தேநீர்த் தட்டை அப்படியே முக்காலியில் வைத்தேன். நாளைக்கு அந்த பஸ்ஸில் எந்த முகத்தோடு ஏறுவது என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த அம்மா பாத்ரூமை மறந்து கூடத்துக்குத் திரும்பினார். மகனைப் பார்த்து, "போயி அவங்களயும் கூட்டிட்டு வாடா," என்றார். மாப்பிள்ளை நெளிந்தார். அம்மா சித்தியிடம் குரலைத் தாழ்த்தினார்:

"முனையில வேன் நிக்குதுங்க. கூட்டத்தப் பாத்தா பொண்ணு கொடுக்க யோசிப்பீங்கன்னு எங்க ஆளுங்கள உள்ளயே உக்கார வச்சிட்டேன்."

வேனிலிருந்து சனம் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. சித்தி பொரித்து வைத்திருந்த கறிபாப் பலகாரம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. அவசரமாகச் சோறு வடித்து நெத்திலிச் சம்பல் கிளறினோம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைப் பார்க்க இடமில்லை. கல்யாணம் நிச்சயமானதை நான் சமையலறையில் வெங்காயம் உரித்தபடிதான் கேட்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். வெங்காயம்தான், பெரும்பாலும்.

இப்போது அந்தத் தோட்டம் முழுக்கத் தாமான் குடியிருப்பு வீடுகள். பாச்சாங் வீட்டை விற்றுவிட்டுச் சித்தி மகளோடு ஜொகூர் போய்விட்டார். சமையலறையில் நின்ற அந்தக் கூட்டம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொன்றிரண்டு பிள்ளைகளோடு இருக்கிறது. வருவதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கமே அந்தக் காலத்தில் எங்களிடம் இல்லை. போன வாரம் குமரன் சிங்கப்பூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான்.

"அக்கா, அடுத்த மாசம் மலாக்கா வர்றேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போகலாமா? ஹோட்டல்ல ரூம் போட்டுட்டேன், உங்களுக்குச் சிரமம் வேணாம்."