அலுமாரிக்குள்ளிருந்து வந்த கடல்

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் புது வீட்டுக்குக் குடிவந்ததும் நானே ஒரு மர அலுமாரி செய்தேன். பக்கப் பலகைகளில் வரிசையாகத் துளைகள். முளைகளை மாற்றிச் செருகினால் தட்டுகளை ஏற்றலாம், இறக்கலாம். அந்த வசதியைக் கண்டதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. திரும்பவும் கடல் வந்தால் முதலில் நனைவது கீழ்த்தட்டுத்தானே? எல்லாத் தட்டுகளையும் மேலே நெருக்கி, பீங்கான்கள், இரும்புச் சட்டிகள் அனைத்தையும் அங்கேயே அடுக்கினேன்.

“இஞ்ச பாருங்க, கீழ வெறுமையாக் கிடக்கே?” என்றாள் மனைவி.

“அது கடலுக்கு விட்ட இடம்” என்றேன்.

எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் ஆசையில் மறுநாள் அரிசிச் சாக்கையும் மேலே ஏற்றினேன். பிறகு இரண்டு கதவுகளையும் ஒன்றாக இழுத்துத் திறந்தேன். அலுமாரி அப்படியே என்மேல் சாய்ந்தது. நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினேன். உள்ளே சட்டிகள் உருண்டு இரைந்தன. அந்த நாட்களில் எங்களுக்கு இரைச்சல் என்றாலே கடல்தான்.

“யா அல்லாஹ், கடல் வருது, ஓடுங்க!” என்று கத்திவிட்டேன்.

ஓடினார்கள். மனைவி ஓடினாள், தெருவே ஓடியது. விலகினால் நசுங்குவேன், உதவிக்குக் கூப்பிட ஒரு ஆளில்லை.

என்னைக் காணாமல் மனைவிதான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். “எங்க கடல்?”

“இதுக்குள்ளதான். புடி புள்ள!”

இப்போது பாரமான சாமான்கள் கீழ்த்தட்டில். அலுமாரியைச் சுவரோடு இறுக்கிவிட்டேன். நான் சத்தம் போட்டால், “அலுமாரியா காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டுத் தெரு தன் வேலையைப் பார்க்கிறது. ஆகவே, உண்மையாகவே கடல் வந்தால் கத்தும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.