அந்த அம்மா பார்க்க மறுத்ததை ஆண்டவர் பார்த்தார்

போன வருஷக் கோடையில் எனக்கு இரத்தப்போக்கு ஆரம்பித்தது. மாதவிலக்கு இல்லை. அது முடிந்த பிறகும் வந்தது, நாற்றத்தோடு. நான் தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்கிறேன். பாத்ரூம் போக மாற்று ஆள் வர வேண்டும். அவள் வருவதற்குள் உடை நனைந்துவிடும்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு லேடி டாக்டர். திரும்பத் திரும்பப் போனேன். ஒருமுறைகூட உள்ளே பரிசோதிக்கவில்லை. "கல்யாணம் ஆகாத பொண்ணும்மா நீ. உள்ள பாத்தா நாளைக்கு உங்க அம்மா என்னத்தான் கேப்பாங்க" என்றார். சூடு என்று மாத்திரை கொடுத்தார்.

என் அறையில் தங்கியிருந்த ஸ்டெல்லா வாலாஜாபாத்காரி. "அந்தம்மா உன் கல்யாணத்துக்கு வைத்தியம் பாத்துக்கினு கீது. உனக்கு இல்லடி" என்றாள். அவள்தான் சென்னையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே என் சம்மதம் கேட்டுப் பரிசோதித்தார்கள். கட்டி இருந்தது. கர்ப்பப்பையில் இல்லை, பிறப்புறுப்பின் உட்சுவரில். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். இந்த வயதில் மிக அபூர்வம் என்றார்கள். எந்த வகை என்று உறுதிசெய்ய இன்னொரு லேபுக்கும் அனுப்பினார்கள். பரவியிருக்கிறதா என்று ஸ்கேன்.

முடிவுக்குக் காத்திருந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் செத்தால் அந்த டாக்டர் அம்மாவை யாரும் கேட்கமாட்டார்கள். என்னை உயிரோடு விடும். நான் போய்க் கேட்கிறேன்."

பரவவில்லை. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். இனிக் குழந்தை பிறக்காது. பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். கடைசி ஸ்கேனில் கட்டி இல்லை. ஸ்தோத்திரம்.

நேராக கிளினிக்குக்குப் போனேன். எங்கள் கம்பெனிப் பிள்ளை ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தாள். டாக்டர் அவளிடமும் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். என் ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"படிங்க. படிச்சிட்டு இந்தப் பிள்ளைய அவ சம்மதம் கேட்டுப் பாருங்க. முடியலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

படித்தார். முகம் வெளுத்தது. அந்தப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதிக் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

இந்தச் சாட்சியில் டாக்டரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி எங்கள் சபை பாஸ்டர் கேட்டார். மன்னிக்கவில்லை. ஆண்டவர் சந்நிதியில் பொய் எதற்கு? வார லீவில் ஸ்டெல்லாவோடு அந்தக் கிளினிக்கில் போய் உட்காருகிறேன். வருகிற பெண்களிடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டாக்டருக்கும் கேட்கும்.

சகோதரிகளே, ஆண்டவரை நம்புங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே ஜெபியுங்கள், அவர் தாங்குவார். ஆமென் சொன்னதும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.