ஹெல்மெட்டுக்குள் ஓடியவன்

ஹஸ்னைனுக்கு ஒரு ஃபுட்பால் படத்தில் வாய்ப்பு வந்தது. என்ன வேடம் என்று நினைக்கிறீர்கள்? கேஸ் ஸ்டேஷனில், அதாவது நம்ம ஊர் பெட்ரோல் பங்கில், கல்லாக்காரன். இரண்டு வரி வசனம். அதையும் "கொஞ்சம் உங்க ஊர் இங்கிலீஷில்" பேசச் சொன்னார்கள். அவன் ஊர் ரவுண்ட் ராக். பிறந்தது, வளர்ந்தது, பால் பல் விழுந்தது எல்லாம் டெக்சாஸ் மண்ணில்தான். சொன்னால் யார் காதில் ஏறுகிறது?

இந்த நாட்டில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் பந்து இல்லை. கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளிவிட்டு ஓடுகிற ஆட்டம். பள்ளிக்கூட டீமில் இடம்பிடித்த முதல் தமிழ்ப் பையன் ஹஸ்னைன். அதிராம்பட்டினத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வந்த அவன் வாப்பா ஜைனுதீன், மகன் விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "டாக்டருக்குப் படிடான்னா, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போற மாதிரி விளையாடுறியே!"

கல்லூரியிலும் ஆடினான். அதற்கு மேல் பெரிய டீம்களுக்கு அவன் உயரம் போதவில்லை. சரி, நடிக்கலாம் என்று கலிஃபோர்னியா போனான். அங்கே டாக்சி டிரைவராக மூன்று படம், வெடிகுண்டு வைப்பவனாக இரண்டு படம். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் தெரிந்தவர்களே, "அடுத்து எங்கப்பா குண்டு வைக்கப் போறே?" என்று சிரிப்பார்கள். ஜைனுதீன் அவன் படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வயிறு எரியாதா ஒரு தகப்பனுக்கு?

டெக்சாஸுக்கே திரும்பினான், ஆஸிபாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ராயப்பேட்டைப் பெண். அவளுக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் புருஷனுக்காகக் கோபப்படுகிற வேலை. அவன் படாத கோபத்தையும் சேர்த்து அவளே பட்டாள்.

அப்போதுதான் இந்தப் படம். ஆஸ்டின் பக்கத்தில் ஒரு ஸ்டேடியத்தில் ஷூட்டிங். கதாநாயகன் மூன்றடி ஓடினால் அவன் காலே அவனைத் தட்டிவிட்டது. டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார். "நான் ஓடுகிறேன்" என்று கை தூக்கினான் கல்லாக்காரன். ஹீரோவின் சட்டையை மாட்டி, முகம் தெரியாமல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அவனை ஓடவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஓடியது, விழுந்தது, பாய்ந்து பிடித்தது எல்லாமே ஹஸ்னைன். ஹீரோ ஏசி வண்டியில் உட்கார்ந்து இளநீர் குடித்தான். அது ரமலான் மாதம், ஏப்ரல் வெயில். ஹஸ்னைன் ஒரு நோன்பைக்கூட விடவில்லை. மாலையில் ஆஸிபா ஃபிளாஸ்க்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவாள். புல்தரையில் உட்கார்ந்து நோன்பு திறப்பான்.

"எதுக்குங்க இவ்ளோ கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டாள் ஒரு நாள்.

காரணம் இருந்தது. கடைசிக் காட்சியில் ஹெல்மெட்டைக் கழற்றி ஹீரோவைக் கட்டிப்பிடிக்கிற சக ஆட்டக்காரன் வேடம் அவனுக்குத்தான் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். குண்டு இல்லை, டாக்சி இல்லை. ஆட்டக்காரனாக அவன் முகம் திரையில் வரும். வாப்பா வந்து பார்க்கிற மாதிரி ஒரு படம்! அதற்காகத்தான் ஓடினான்.

படம் முடிந்து ஆஸ்டினில் முதல் காட்சி. ஜைனுதீனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து நடுவில் உட்கார வைத்தார்கள். கல்லாக்காரன் வந்தான், இரண்டு வரி பேசினான், தியேட்டர் சிரித்தது. கடைசிக் காட்சி வந்தது. ஹீரோ தனியாக நின்று வானத்தைப் பார்த்தான். கட்டிப்பிடிக்க யாரும் வரவில்லை. வெட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவிகள்?

விளக்கு போட்டதும் ஹீரோ மேடை ஏறினான். எல்லாவற்றையும் தானே ஓடியதாகச் சொன்னான். அதோடு விட்டானா? "அந்த வெயிலில் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த வலியை உணர விரும்பினேன்" என்றான். தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது.

"அடப்பாவி! நோன்பையுமா திருடுவான்?" ஆஸிபா ஹஸ்னைனின் தோளை உலுக்கினாள். "எழுந்து சொல்லுங்க!"

ஹஸ்னைன் மாட்டேன் என்று தலையாட்டினான். நோன்பு தம்பட்டம் அடிக்கிற விஷயம் இல்லை, வெளியே பீற்றிக்கொண்டால் அதன் நன்மை போய்விடும் என்று வளர்க்கப்பட்டவன். திருடனுக்கு என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், பறிகொடுத்தவன் கூச்சல் போட முடியாத பொருளாகப் பார்த்துத் தூக்கியிருக்கிறான்!

"ஓடுனது நீயா?" என்று கேட்டார் ஜைனுதீன்.

"ஆமா வாப்பா."

அவர் திரையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோன்பைப் பத்தி நான் பேசல. அது அல்லாவுக்குத் தெரியும்," என்றாள் ஆஸிபா. "ஓடினது யாருன்னு இவங்களுக்கும் தெரியணும்ல?"

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றதும் முதலில் கை தூக்கியது அவள்தான். மைக்கை வாங்கி, ஹெல்மெட்டுக்குள் ஓடியது யார் என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள்.

ஹீரோ கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தான். அவள் பக்கத்தில் ஹஸ்னைனைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். "ஆமாம், ஒன்றிரண்டு காட்சிக்கு உதவி செய்தார்! அருமையான மனிதர்! இவருக்குப் பெரிய கைதட்டல் கொடுங்கள்!"

கொடுத்தார்கள். அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மைக்கைத் திரும்ப வாங்க ஒருவன் கையை நீட்டினான். ஆஸிபா கொடுக்கவில்லை.

"கைதட்டல் இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லுங்கள்."

ஹீரோ வாயைத் திறந்தான், மூடினான். மாதம் முழுக்க பெயரைக் கேட்காமல், நண்பா என்கிற அர்த்தத்தில் "பட்டி, பட்டி" என்று தோளில் தட்டியே காலத்தை ஓட்டியவன். டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ஹஸ்னைனுக்கே பொறுக்கவில்லை. பாவம், இரக்க குணம். தானே சொல்லிவிடலாம் என்று எழப்போனான். ஜைனுதீன் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ சொல்லாதடா. அவன் சொல்லட்டும்."